புளி போட்டுத் தேய்த்த பேனாக்கத்திகள்

என் அன்புக்குரிய சம்பந்தி லூர்து,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதிரில் இருந்தால் இதைத்தான் முதலில் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் வருஷ பூசைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். மாப்பிள்ளை வீட்டு விசேஷம், பஸ்ஸில் கசங்கிப் போகக்கூடாது, மெட்ரோவில் ஜம்மென்று போய் இறங்கலாம் என்று ஒரு பவிசு. திருவொற்றியூர் ஸ்டேஷனில் சோதனை வாசலுக்குள் நுழைந்ததும் அது கத்தியது. காவலுக்கு நின்ற பையன் என் பேண்ட் பையைத் தட்டிப் பார்த்து, உள்ளே இருந்ததை எடுத்து மேஜைமேல் வைக்கச் சொன்னான். வைத்தேன்.

"இன்னா பெரியவரே இது?"

"பேனாக்கத்தி, தம்பி."

"பேனா எங்க?"

"பேனா இல்லப்பா, அதுக்குப் பேரே அப்டித்தான். பழம் அறுக்க வச்சிகினுகீறேன்."

"பழம் எங்க?"

பழமும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். இந்த வயதில் முதல்முறையாக ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள், வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள். வரிசையில் யாரோ, "இந்த வயசுல யாரப் போடப் போறாரு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கத்தியை விட்டுவிட்டு நான் போகலாம், இல்லையென்றால் கத்தியோடு வெளியே போகலாம் என்றான் அந்தப் பையன். நான் கத்தியோடு வெளியே வந்து பஸ் ஏறினேன்.

பெரிய கத்தியும் இல்லை அது. பாரீஸ் கார்னர் நடைபாதையில் நான் ஏமாந்து வாங்கினேனே, நீங்கள்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சம்மந்தி, இது கத்தி இல்ல, கத்தி வேஷம் கட்டின ஸ்பூனு" என்றீர்களே, அதுதான். அந்த ஸ்பூனுக்காகத்தான் உங்கள் பூசைக்குப் பாதியில் வந்து சேர்ந்தேன். கோயிலில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். முன்வரிசையில் உங்கள் வீட்டுக்காரம்மா பிலோமினாம்மாவும் உங்கள் மகன் ஸ்டீபனும் என் மகள் தேவியும் தெரிந்தார்கள். சாமியார் உங்கள் பெயரைச் சொன்னபோது எனக்கு மண்டியிடுவதா நிற்பதா என்று தெரியவில்லை. எங்கள் வழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

நாம் இரண்டு பேரும் முதன்முதலில் சந்தித்ததே கத்தியால் நடந்த ஒரு கலாட்டாவில்தானே?

தேவியும் ஸ்டீபனும் விரும்பிய விஷயம் வெளியே வந்து, எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்த நேரம். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன், எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். என் கையில் ஸ்பேனர் பேசும், வாய் பேசாது. அதனால் என் மனைவியின் அண்ணன் குணாவும் அவன் தம்பிகளும் பேசுவதற்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேச என்றால் சண்டைக்கு. அப்போது நீங்கள் ஒரே ஆளாக, ஒரு பை கொய்யாப் பழத்தோடு எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள். துறைமுகத்து இழுவைப்படகில் கயிறு பிடிக்கிறவர், இராயபுரத்துக்காரர் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். யாரும் உங்களை உட்காரச் சொல்லவில்லை. நீங்களாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் உங்களுக்குத் தாங்கவில்லைபோல. சட்டென்று இடுப்புப் பக்கம் கை விட்டு எதையோ எடுத்து, டக்கென்று விரித்தீர்கள்.

"டேய், கத்திய எட்த்துட்டாண்டா!" என்று குணா எழுந்தான். ஒருத்தன் கதவைச் சாத்தினான், ஒருத்தன் உலக்கையைத் தூக்கினான். என் மனைவி தேவியை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

நீங்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒரு கொய்யாவை எடுத்து நாலாகப் பிளந்து, உலக்கையோடு நின்றவனிடம் ஒரு துண்டை நீட்டி, "உப்பு கீதா நைனா?" என்றீர்கள்.

அந்தக் கத்தி விரிந்த சத்தம் மட்டும் என் காதில் நின்றுவிட்டது. ஆணியும் ஸ்பிரிங்கும் இத்தனை சுத்தமாகப் பேசுகிற ஒரு சாமானை நான் பார்த்ததில்லை. பெண்ணைப் பெற்றவன், அப்போது மிடுக்காக இருந்திருக்க வேண்டும். ஆனால் வாய் தவறி, "கொஞ்சம் பாக்கலாமா?" என்று கையை நீட்டிவிட்டேன். நீங்கள் என் கையில் தரவில்லை. மடக்கி ஸ்டூல்மேல் வைத்தீர்கள்.

"எட்த்துக்கோங்க. கத்திய கையில குட்த்தா சண்ட வருமாம். இருக்குற சண்ட போதாதா?"

முதலில் சிரித்தது குணாதான். கல்யாணம் முடிவானது எப்போது என்று யாராவது கேட்டால் நான் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்திகள் இரண்டு பேரும் வேட்டியும் சட்டையுமாக எங்கேயோ விசேஷத்துக்குப் போகிறார்கள் என்று ஊர் நினைத்தது. நாம் போனதெல்லாம் நடைபாதைக் கடைகளுக்கு. பழைய பூட்டு, உடைந்த கடிகாரம், ஒற்றைச் செருப்பு எல்லாம் கொட்டி வைத்திருக்கிற கோணியில் உங்கள் கை மட்டும் நேராகப் போய் ஒரு மடக்குக் கத்தியைத் தொடும். எனக்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டாகத் தெரியும். நீங்கள் நகத்தால் நெம்பி விரிப்பீர்கள், காதுக்குப் பக்கத்தில் வைத்து மடக்குவீர்கள். ஸ்பிரிங் செத்திருந்தால் திரும்ப வைத்துவிடுவீர்கள். உயிர் இருந்தால் அதைப் பார்க்காத மாதிரி ஒற்றைச் செருப்புக்கு விலை கேட்பீர்கள். அந்த நடிப்பை நான் எத்தனை தடவை கெடுத்திருக்கிறேன்! "சூப்பர் கத்தி சம்மந்தி!" என்று கத்திவிடுவேன். கடைக்காரன் உஷாராகிவிடுவான். வீடு வரும்வரை நீங்கள் என்னோடு பேச மாட்டீர்கள்.

ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தீர்கள். எருமைக்கொம்புப் பிடி போட்டது கொம்பன். நுனி ஒடிந்தது நொண்டி. கயிற்று முடிச்சைப் பிரிக்கிற ஊசி ஒரு பக்கம் வைத்து வந்தது, யாரோ வெளிநாட்டு மாலுமி கைவிட்டது, கப்பல்காரன். எல்லாம் நமக்கு முன்னால் பிறந்தவை. ஊர்பேர் தேய்ந்து போனவை. ஆனாலும் ஒன்றையும் நீங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. வாரத்துக்கு ஒரு கத்திக்கு டூட்டி. அந்த வாரம் முழுக்க அது உங்கள் பையில் இருக்கும், வெங்காயம் உரிக்கும், தூண்டில் கயிறு அறுக்கும், பேத்தியின் பென்சில் சீவும். "சும்மா கெடந்தா மனுசனுக்கே மூட்டு புடிக்குது, கத்திக்குப் புடிக்காதா?" என்பீர்கள்.

துருப்பிடிக்காத புதுக் கத்தியை யாராவது பரிசாகக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பீர்கள். "எவர்சில்வருக்கு ஞாபகம் கெடையாது சம்மந்தி. எத்த அறுத்தாலும் தொடச்சா மறந்துடும்."

பழைய இரும்பு அப்படி இல்லை என்று நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். பிட்டராகக் காலம் தள்ளியவன், எனக்கு இரும்பில் கறுப்பு என்றால் அழுக்கு. நீங்கள் கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பீர்கள். கொம்பன் உடம்பில் புறாக்கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடும். தேவி மசக்கையாக இருந்தபோது தினம் ஒரு மாங்காய் அறுத்துக் கொடுத்தீர்களே, அதன் புளிப்பு ஏறிய நிறம். நொண்டியின் அடிப்பக்கத்தில் ஊதாவாக ஒரு திட்டு. அது நாவல்பழம். ஸ்டீபன் சின்னப் பையனாக இருந்தபோது சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய், கொட்டை எடுத்து எடுத்து அவன் வாயில் ஊட்டினது. "இவன் மறந்துட்டான், கத்தி மறக்கல" என்பீர்கள். அவன், "யாரு சொன்னா மறந்தேன்னு, சட்டையெல்லாம் கறையாகி அம்மா போட்டு சாத்துனது ஞாபகம் கீது" என்பான். எண்ணெய் போட்டுத் துணியால் துடைப்பீர்களே தவிர, தேய்க்க மாட்டீர்கள். வேறு யாரையும் தொட விட மாட்டீர்கள். முக்கியமாகப் பிலோமினாம்மாவை.

எங்கள் வீட்டில் போட்டோ ஆல்பம் இருக்கிறது, உங்களிடம் கத்திகள் இருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் போன பிறகு அந்தக் கத்திகளை வைத்திருந்த அலுமினியப் பெட்டியை, நீங்கள் படகுக்குச் சோறு கொண்டுபோன பெட்டியை, யாரும் திறக்கவில்லை. ஸ்டீபனால் முடியவில்லை. காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில் ஆள் உயரத் தகடுகளை வெல்டிங் பண்ணுகிறவன், விரல் நீளக் கத்தியைப் பார்க்கப் பயந்தான். "வருஷ பூசை ஆவட்டும் மாமா. அன்னிக்கு நாம ரெண்டு பேரும் ஒக்காந்து தொறக்கலாம். நான் நாவப்பழத்தப் பாக்கணும்" என்று போன மாதம்கூடச் சொன்னான். நானும் அதே நினைப்பில்தான் ஒரு வருஷத்தை ஓட்டினேன். நீங்கள் எங்கேயும் போகவில்லை, அந்தப் பெட்டிக்குள் இருக்கிறீர்கள், நாள் வந்தால் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தெம்பு.

பூசை முடிந்து கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எல்லாரும் சாப்பிட்டோம். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஸ்டீபன் வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான். பிலோமினாம்மா கை துடைத்துக்கொண்டு வந்து, "சம்மந்தி, ஓடிப் பூடாதீங்க. ஒன்னு காட்டணும், ஒக்காருங்க" என்றார்கள்.

அலுமினியப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார்கள்.

உள்ளே புதிதாகச் சிவப்புத் துணி விரித்திருந்தது. அதன்மேல் உங்கள் கத்திகள் எல்லாம் விரிந்த நிலையில், பெரியது சிறியதாக வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னின.

"மூணு நாளா ஒக்காந்து தேச்சேன் சம்மந்தி. புளி ஊற வச்சி, சாம்பல் போட்டு, தேங்கா நாரால தேய் தேய்னு தேச்சேன். சந்துல இருந்த அழுக்க தொடப்பக்குச்சி வுட்டு எடுத்தேன். இன்னா கறுப்பு, இன்னா கலீஜ்! அந்த மனுசன் இருந்தப்ப என்னத் தொட வுடல. ஒரு வருசமா கருகிப் போன மாரி உள்ள கெடந்துச்சி. இன்னிக்கு நாலு பேர் வருவாங்க, அவரு சாமான் அழுக்கா இருக்கலாமா? இப்ப பாருங்க. மூஞ்சி பாக்கலாம்."

பார்த்தேன். மூஞ்சி தெரிந்தது. ஒவ்வொரு கத்தியிலும் என் மூஞ்சிதான் தெரிந்தது. நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. கொம்பன் எது, பக்கத்தில் இருப்பது எது என்று பிடியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"எப்டி கீது?" என்றார்கள்.

பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த அவர்கள் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் புளியில் வெந்து வெடித்திருந்தது. கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. நகங்கள் தேய்ந்து சதையோடு ஒட்டிப் போயிருந்தன. ஐம்பது ஆளுக்குப் பாத்திரம் துலக்கினாலும் கை இப்படி ஆகாது, சம்பந்தி.

"பளபளன்னு கீதும்மா" என்றேன். அதற்கு முன் கொஞ்ச நேரம் என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

அப்போதுதான் ஸ்டீபன் படியேறி வந்தான். பெட்டியைப் பார்த்தான். குனிந்து நொண்டியை எடுத்தான். திருப்பினான். மறுபக்கம் திருப்பினான்.

"அம்மா, இன்னாம்மா இ..."

"மாப்ள!" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கீழ வா, பீடி வாங்கணும்."

நான் பீடி பிடிப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். தேவிக்கும் தெரியும், அவள் சமையலறை வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். நொண்டியை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துப் படியில் இழுத்துக்கொண்டு போனேன். கீழே மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று நின்றிருந்தது, அதன்மேல் சாய்ந்துகொண்டான். முகம் செங்கலாகச் சிவந்திருந்தது.

"போச்சி மாமா. எல்லாம் போச்சி. ஒரு வருஷமா நான் பாக்காம வச்சிகினு இருந்தேன். இன்னிக்குப் பாக்கலாம்னு இருந்தேன்."

"தெரியுது நைனா."

"அப்பா கைய்யி மாமா அது. அதப் போயி புளியப் போட்டு... நான் கேக்கத்தான் போறேன். ஒரு வார்த்த என்ன கேட்டிருக்கலாம்ல?"

"கேளு. கேட்டா கறை திரும்பி வருமா?"

"வராது. ஆனா அம்மாக்குத் தெரியணும்ல, இன்னா பண்ணிச்சின்னு?"

படித்தவனாக இருந்தால் நாலு நல்ல வார்த்தை வந்திருக்கும். "அம்மா கைய பாத்தியா?" என்று மட்டும் கேட்டேன். "மேல போயி பாரு. பாத்துட்டு, அப்பவும் கேக்கணும்னு தோணிச்சின்னா கேளு. நான் நடுவுல வரமாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் மகனின் கோபம் உங்கள் கோபம்தானே. சத்தம் வராது, ஆனால் வெட்டிவிடும். அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த அம்மா மிச்ச காலம் முழுக்க அந்தப் பெட்டியைப் பார்த்து அழும். சொல்லாமல் விட்டால் இவன் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு அம்மாவிடம் முகம் கொடுக்காமல் இருப்பான். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் தாய், நடுவில் பெண்ணைக் கொடுத்தவன் நான் பீடி வாங்க வந்து நிற்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு பழத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்திருப்பீர்கள். எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. தெருக்கோடிக் கடையில் கிளிமூக்கு மாங்காய் இரண்டு மூன்று வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

"இன்னாத்துக்கு மாங்கா?" என்றார்கள் பிலோமினாம்மா. "இப்பதான சாப்ட்டீங்க?"

"வாய் நமநமன்னுது." ஒரு பேப்பரை விரித்து, பெட்டியிலிருந்து கொம்பனை எடுத்தேன்.

"ஐய! தேச்சி வச்சத அழுக்காக்காதீங்க. அருவாமனை கொண்டாரேன்."

"உங்க வூட்டுக்காரரு இத்த அழகு பாக்கவா வச்சிகினு இருந்தாரு? டூட்டிக்குப் போவாத கத்திக்கு அவரு வூட்ல எடமே கெடையாது. நீங்களே ஒன்னு எடுத்து அறுங்க."

அவர்கள் கை பெட்டிக்குமேல் அப்படியே நின்றது. "நானா? என்னைக்காச்சும் எங்கிட்ட ஒன்னு குட்த்துருப்பாரா அந்த மனுசன்? அவரு மட்டும் வெங்காயம் உரிப்பாரு, பென்சில் சீவுவாரு. எனக்கு ஒன்னு குடுன்னா, 'பொம்பளைக்கு எதுக்கு மடக்குக் கத்தி, உனக்குத்தான் அருவாமனை கீதே'ம்பாரு. கண்ணால பாத்ததோட சரி."

இது எனக்குத் தெரியாது, சம்பந்தி. நீங்கள் தொட விடாதது கறைக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். உங்களைத் திட்டவில்லை. ஆனால் அந்த அம்மா முப்பது நாற்பது வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத ஒன்றைத்தான் மூன்று நாள் மடியில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. கை வெடித்தது வலித்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

தேவி நெருக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "எடுங்க அத்தை" என்றாள். காட்சிக்கு விரித்து வைத்திருந்ததையெல்லாம் நான் மடக்கி மடக்கி வைத்தேன், அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று. அவர்கள் எடுத்தது நொண்டியை. விரிக்கப் பார்த்தார்கள். நெம்புவதற்கு நகம் இல்லை. துணி சுற்றின விரல் வழுக்கியது. இன்னொரு விரலால் முயன்றார்கள். அதுவும் வழுக்கி, கத்தி பெட்டி விளிம்பில் டங்கென்று மோதியது.

என் பின்னாலேயே மேலே வந்த ஸ்டீபன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினான். அம்மாவின் விரலைப் பார்த்தான். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டேன். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது, சம்பந்தி. உலக்கை தூக்கின அன்றைக்குக்கூட எனக்கு இத்தனை பயம் இல்லை.

அவன் வந்து தரையில் உட்கார்ந்தான். "இப்டி குடும்மா" என்று வாங்கி, டக்கென்று விரித்து, அவர்கள் முன்னால் பேப்பர்மேல் வைத்தான். "பாத்து. கூரு ஜாஸ்தி."

"எனக்குத் தெரியாதா? தேச்சவ நானு. ரெண்டு தரம் கிழிச்சிகினேன்."

அவர்கள் அறுத்த மாங்காய் மெல்லிசாக, ஒரே கனத்தில் விழுந்தது. நான் அறுத்தது செங்கல் துண்டு மாதிரி கிடந்தது. "இன்னாங்க சம்மந்தி, இது மாங்காவா, ரோடு ஜல்லியா?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்தார்கள். உப்பும் மிளகாய்ப்பொடியும் தேவி கொண்டுவந்தாள். ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. ஸ்டீபன் ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொன்னான். நாங்களும் காரம் என்றே வைத்துக்கொண்டோம்.

அறுத்து முடித்துத் துடைக்கப் போனபோதுதான் பிலோமினாம்மா பார்த்தார்கள். நொண்டியின் கூர்ப்பக்கம் முழுக்க லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. நடுவில் மேகம் மாதிரி ஒரு நீலம்.

"ஐயய்யோ! கறுத்துப் பூச்சே! புளி மிச்சம் கீது, இருங்க, இப்பவே தேச்சிடறேன்."

"வேணாம்மா" என்றான் ஸ்டீபன். "அப்டியே இருக்கட்டும்."

"ஏண்டா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "கறுத்தா நல்லதும்மா. துரு அண்டாது. எண்ணெய் தொட்டுத் தொடச்சா போதும்."

பிலோமினாம்மா கத்தியைப் பார்த்தார்கள். பிறகு பெட்டியைப் பார்த்தார்கள். அவர்கள் ஏமாளி இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா? குரல் இறங்கிவிட்டது.

"அப்போ அவரு வச்சிருந்தது? அத்தினி கறுப்பு... அதுவும் இது மாரிதானா? நான் தேச்சது தப்பா, சம்மந்தி?"

இரும்பு வேலை செய்தவன், பொய் வேலை பழகாதவன். ஒரு பொய் சொல்வதற்குள் காது மடல் சிவந்துவிடும் எனக்கு. "அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா" என்று ஆரம்பித்தேன். "அவரும் வருஷத்துக்கு ஒருதரம் தேய்ப்பாரு. தேச்சிட்டு மறுபடி டூட்டிக்கு அனுப்புவாரு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். நீங்கள் ஒருநாளும் தேய்த்ததில்லை என்று அறிந்தவன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

"ஆமாம்மா" என்றான் ஸ்டீபன். "படகுல வச்சித் தேய்ப்பாரு. வூட்டுக்கு எடுத்தாந்தா நீ திட்டுவன்னு."

"நான் எதுக்குத் திட்டப் போறேன்?" என்றார்கள். "புளி நான் குட்த்துருப்பேனே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, நொண்டியைத் தானே மடக்கிப் பார்த்தார்கள். டக்கென்று மூடியது. மறுபடி மகனிடம் நீட்டி விரிக்கச் சொன்னார்கள். மறுபடி மடக்கினார்கள். அந்தச் சத்தம் அவர்களுக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்போதைய நிலவரம் இதுதான். ஸ்டீபன் பெட்டியை அம்மாவிடமே விட்டுவிட்டான். இந்த வாரம் நொண்டிக்கு டூட்டி, அடுத்த வாரம் கப்பல்காரனுக்கு. மீன் மார்க்கெட்டுக்கு இடுப்பில் சொருகிக்கொண்டு போய், கூடைக் கயிறு அவிழாமல் திண்டாடின மீன்காரியையே கத்தியை விரிக்கச் சொல்லி, அந்தக் கயிற்றைப் பிலோமினாம்மா அறுத்துக் கொடுத்தார்களாம். தேவி போனில் சொல்லிச் சிரித்தாள். உங்கள் பேச்சை மீறி ஒரு பொம்பளை மடக்குக் கத்தி வைத்திருக்கிறாள், கல்லறையில் புரண்டு படுக்காதீர்கள். அவர்கள் நகம் வளர்ந்து தானே விரிக்கிற நாள் வரும். அன்றைக்கு உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

வாக்கு ஒன்று தருகிறேன். உங்கள் பெயரில் நாங்கள் சொன்ன பொய்யை நானும் உங்கள் மகனும் சாகும்வரை காப்பாற்றுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஸ்பிரிங்குக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டுவிட்டு வருவேன். தேங்காயெண்ணெய் விட மாட்டேன். பழக் கறையை யாரும் தேய்க்காமல் பார்த்துக்கொள்வேன்.

கிளம்பும்போது பிலோமினாம்மா வாசல்வரை வந்து ஒன்று கேட்டார்கள். "பொட்டிய தொறந்ததும் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சு இல்லாம இருந்தீங்களே, இன்னா சம்மந்தி?" "கண்ணு கூசிடுச்சும்மா" என்றேன். நம்பினார்களா என்று தெரியவில்லை, சிரித்தார்கள். படியிறங்கிவிட்டேன். அவர்களிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். போன வருஷம் உங்களுக்கு மண் தள்ளினேன், மாலை போட்டேன், எல்லாம் செய்தேன். ஆனால் அந்த மூடி திறந்தபோதுதான் சம்பந்தி, எனக்கு நீங்கள் செத்துப் போனீர்கள்.

பெண் கொடுத்து உங்களைப் பெற்ற
உங்கள் சம்பந்தி,
எத்திராஜ்
திருவொற்றியூர்